கொம்புச் சாணமும் ஊர் எருக்குழியும்

ஓர் ஏக்கருக்கு 25 கிராம். உயிராற்றல் வேளாண்மை எனப்படும் பயோடைனமிக் விவசாயத்தில், ஒரு முறை தெளிக்கத் தேவைப்படும் கொம்புச் சாண உரத்தின் அளவு இவ்வளவுதான். கறவைப் பசுவின் சாணத்தை மாட்டுக் கொம்புக்குள் அடைத்து, ஐப்பசி வாக்கில் குழியில் புதைத்து, பங்குனி வாக்கில் தோண்டி எடுப்பார்கள். அதற்குள் சாண நாற்றம் போய், கருத்து, காட்டு மண் வாசனை வந்திருக்கும். அதைச் சுமார் 13 லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். வலப்புறமாகச் சுழற்றி, நடுவில் ஆழமான சுழி விழுந்ததும் இடப்புறமாகத் திருப்ப வேண்டும். மறுபடி சுழி, மறுபடி திருப்பம். வெயில் தாழ்ந்த பிறகு வேப்பங்கொத்தாலோ துடைப்பத்தாலோ நிலம் முழுவதும் துளித்துளியாகத் தெளித்துவிடுவார்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குப் பரிந்துரைக்கும் தொழு உரம் ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன். இந்த 5 டன்னையும் அந்த 25 கிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் கேள்வி எழும். இது உரமே அல்ல, மண்ணைத் தட்டி எழுப்பும் தூண்டுபொருள் என்பார்கள் ஆதரவாளர்கள். வெறும் மூடநம்பிக்கை என்பார்கள் எதிர்ப்பாளர்கள். நூறாண்டுகளாக இந்த வழக்கு முடியவில்லை. இரு தரப்பும் கொம்பைச் சுற்றியே நின்றுவிட்டதால், இந்த வேளாண்மை சொன்ன ஆகப் பெரிய விஷயம், அதுவும் சோதனையில் தேறிய விஷயம், தமிழ்நாட்டில் பேச்சுக்கே வராமல் போயிற்று. ஒரு பண்ணை தனக்கு வேண்டிய எருவைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது.

1924 ஜூன் 7 முதல் 16 வரை, அன்றைய ஜெர்மனியின் சிலேசியா பகுதியில் கோபர்விட்ஸ் என்னும் ஊரில், கைசர்லிங்க் பிரபுவின் பெரும்பண்ணை மாளிகையில் சுமார் நூறு பேர் கூடினார்கள். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. எட்டு சொற்பொழிவுகள் ஆற்றியவர் ருடால்ஃப் ஸ்டெய்னர். ஆஸ்திரியத் தத்துவவாதி, கல்வியாளர், ஆந்த்ரோபோசோஃபி என்ற ஆன்மிக இயக்கத்தைத் தொடங்கியவர். ரயில்வே ஊழியரின் மகனாகக் கிராமங்களில் வளர்ந்தவர்தான், ஆனால் ஏர் பிடித்தவர் அல்லர். விதைகளின் வீரியம் குறைகிறது, மாடுகளுக்கு அடிக்கடி நோய் வருகிறது, முன்பு பல ஆண்டு நின்ற தீவனப் பயிர் இப்போது நிற்பதில்லை என்று குடியானவர்கள் கொண்டுவந்த புகார்தான் அவரை அங்கே வரவழைத்தது.

அந்தப் புகாருக்கு ஒரு காலப் பின்னணி உண்டு. ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் வழியைக் கண்டார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்கினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஊரில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. முதல் உலகப் போரின்போது அதே வேதியியல் வெடிமருந்துக்குப் போயிற்று. போர் முடிந்ததும் நிலத்துக்கு வந்தது. உப்பு உரம் வந்த சில ஆண்டுகளிலேயே அதைப் பற்றிக் கவலைப்பட்டு, மாற்று வழி கேட்டு உட்கார்ந்த முதல் விவசாயிகளின் கூட்டம் என்று கோபர்விட்ஸைச் சொல்லலாம். ‘ஆர்கானிக்’, அதாவது அங்கக விவசாயம் என்ற பெயரே இதற்குப் பிறகு, 1940இல் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு எழுதிய நூலின் வழியாகத்தான் புழக்கத்துக்கு வந்தது. அவரும் அதற்கு முந்தைய ஆண்டில் ஸ்டெய்னரின் சீடர் ஏரன்ஃப்ரீட் ஃபைஃபரை அழைத்துத் தம் பண்ணையில் மாநாடு நடத்தியவர்.

ஸ்டெய்னர் அங்கே சொன்னவற்றில் இரண்டு வகை கலந்து கிடக்கின்றன. ஒன்று, பண்ணை என்பது ஒரு முழு உயிர். நிலம், பயிர், மாடு, மரம், மனிதர் எல்லாம் அதன் உறுப்புகள். வெளியிலிருந்து எருவோ தீவனமோ வாங்க வேண்டியிருந்தால் அந்த உயிர் நோயுற்றிருக்கிறது என்று பொருள். இன்னொன்று, கோள்களின் ஆற்றலைப் பற்றியது. மாட்டுக் கொம்பு அந்த ஆற்றலைத் திருப்பி உள்ளே அனுப்பும் என்றார். வயல் எலியை ஒழிக்க, வெள்ளி விருச்சிக ராசியில் இருக்கும்போது எலித்தோலை எரித்துச் சாம்பலைத் தூவச் சொன்னார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் தம் குறிப்புகளைச் சோதித்துப் பார்த்த பிறகே வெளியே பேச வேண்டும் என்று சொன்னவரும் ஸ்டெய்னர்தான். அதற்காகவே விவசாயிகளின் சோதனை வட்டம் ஒன்று கோபர்விட்ஸில் அமைந்தது. அவரோ அடுத்த மார்ச்சிலேயே, 1925இல் காலமானார். தம் முறைப்படி நடந்த ஒரு பண்ணையை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பார்த்திருந்தால் எதைத் திருத்தியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அவர் சொல்லை வேதமாக வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

பக்தியோடு இதை அணுகுபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பக்கம் இன்னொன்றும் உண்டு. நாஜி ஆட்சியில் இந்த இயக்கத்தின் தலைவர்கள் சிலர் அதிகாரத்தோடு ஒட்டி நின்றார்கள். ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த ருடால்ஃப் ஹெஸ் இதற்குப் புரவலராக இருந்தார். 1941இல் அவர் ஸ்காட்லாந்துக்குப் பறந்து போன பிறகு சங்கம் கலைக்கப்பட்டது. அப்படியும் டாக்காவ் வதைமுகாமின் மூலிகைத் தோட்டத்தில், கைதிகளின் உழைப்பில், இந்த முறை தொடர்ந்தது. ஒரு முறை ‘இயற்கையானது’ என்பதாலேயே அதைக் கையாள்பவர்கள் அறவோர் ஆகிவிடுவதில்லை.

இனி, விதிகளைப் பார்ப்போம். 1928 முதல் இந்த வேளாண்மையின் விளைபொருள்கள் கிரேக்கத் தானியத் தெய்வமான டெமட்டரின் பெயரில் முத்திரை பெறுகின்றன. உலகெங்கும் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இந்த முத்திரையின் கீழ் இருக்கிறது. அதில் ஒரு பெரும்பங்கு ஜெர்மனியில். பிரான்சில் உலகின் விலை உயர்ந்த ஒயின்களைத் தரும் ரொமானே கொந்தி போன்ற திராட்சைத் தோட்டங்களும் இந்த முறைக்கு மாறியிருக்கின்றன. முத்திரை வேண்டுமென்றால் பண்ணையின் ஒரு மூலையை மட்டும் மாற்றினால் போதாது, முழுப் பண்ணையும் மாற வேண்டும். அசைபோடும் கால்நடை இருக்க வேண்டும். அதன் தீவனத்தில் பாதியாவது சொந்த நிலத்திலோ, உடன்பாடு செய்துகொண்ட பக்கத்துப் பண்ணையிலோ விளைய வேண்டும். நிலத்தில் 10 சதவீதம் வேலி மரம், குட்டை, புல்வெளி என்று பல்லுயிர்களுக்கு விடப்பட வேண்டும். மாட்டின் கொம்பைத் தீய்க்கக் கூடாது. இந்த விதிகள் கடினமானவை. சாதாரண அங்ககச் சான்றிதழ் எதைப் போடக் கூடாது என்பதிலேயே பெரிதும் கவனம் வைக்கிறது. டெமட்டர் பண்ணை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அங்கேதான் இதன் உண்மையான மேன்மை இருக்கிறது.

அந்த மேன்மை வெறும் கருத்து அல்ல என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே, டெர்வில் என்ற ஊரில் சாட்சி இருக்கிறது. 1978இல் தொடங்கிய ஒரு வயல் சோதனை அங்கே இன்னும் நடக்கிறது. பயோடைனமிக், அங்கக, வழக்கமான வேளாண்மை மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில், ஒரே பயிர்ச் சுழற்சியில். முதல் 21 ஆண்டு முடிவுகள் 2002இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாகின. பயோடைனமிக், அங்ககப் பாத்திகளில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. கோதுமை வழக்கமான பாத்தியின் 90 சதவீதத்தை எட்டியது. உருளைக்கிழங்கு மோசம்: 58 முதல் 66 சதவீதம்தான், சாம்பல் சத்தும் போதவில்லை, இலைக்கருகலும் அடித்துவிட்டது. மறுபக்கம், உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவாகச் செலவாயின. பூச்சிக்கொல்லி 97 சதவீதம் குறைந்தது. மண்புழுக்கள் 1.3 மடங்கு முதல் 3.2 மடங்கு வரை கூடுதல். மண்கட்டிகள் மழைக்குக் கரையாமல் நிற்கும் திறன் 10 முதல் 60 சதவீதம் வரை கூடுதல். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் அளவில் பயோடைனமிக் பாத்தியே முதலிடம் பிடித்தது.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு கொம்பின் வெற்றி என்று கொண்டாடுபவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது. அந்தப் பாத்திக்குப் போனது நன்கு காற்றோட்டத்தோடு மக்கவைத்த எரு. மற்றவற்றுக்குப் போனது அரைகுறையாக மக்கியது. வித்தியாசம் கொம்பால் வந்ததா, மக்கிய எருவால் வந்ததா என்று இந்தச் சோதனையை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லின் கார்ப்பென்டர் பாக்ஸ் குழுவினர் ஒரே எருவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் பயோடைனமிக் முறை சொல்லும் மூலிகைத் தயாரிப்புகளைச் சேர்த்தார்கள். சேர்த்த குவியலின் வெப்பம் சராசரியாக 3.4 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது; முடிவில் நைட்ரேட்டும் அதிகம். இது கவனிக்க வேண்டிய விஷயம், ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆனால் அந்த இரண்டு எருவையும் வயலில் போட்டபோது மண்ணிலோ பயிரிலோ சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. எரு போட்ட நிலமெல்லாம் தேறியது; தயாரிப்பு சேர்த்ததா இல்லையா என்பது கணக்கில் வரவில்லை. கலிஃபோர்னியாவின் யூக்காயா பகுதித் திராட்சைத் தோட்டத்தில் 1996இல் தொடங்கிய சோதனையிலும் முதல் ஆறு ஆண்டுகளில் மண்ணின் தரத்தில் மாற்றம் இல்லை என்றே வந்தது.

ஆக, எடை தெளிவாக இருக்கிறது. மாடு, எரு, பயிர்ச் சுழற்சி, வேலி மரம் ஆகியவற்றுக்குச் சான்று உண்டு. கொம்புக்கும் கோளுக்கும் இதுவரை போதிய சான்று இல்லை. இந்தத் தீர்ப்பு கொம்புச் சாணம் தெளிக்கும் விவசாயியைக் கேலி செய்ய அல்ல. ஒரு மணி நேரம் கையால் கலக்கி, நிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் நடந்து போகும் மனிதர், பம்புசெட்டைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் மனிதரைவிடத் தன் பயிரை நன்றாக அறிந்திருப்பார். வாய்க்கால் ஓரம் பூச்சி ஏறுவதை அவர்தான் முதலில் பார்ப்பார். அந்தக் கவனத்தை மதிக்கத்தான் வேண்டும்.

இந்தியாவுக்கு இது பரவலாக வந்தது 1990களில். நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் பிராக்டர் ஆண்டுதோறும் வந்து ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தார். 1999இல் இந்திய பயோடைனமிக் சங்கம் உருவாயிற்று. அதன் வேர் பிடித்த இடங்களில் கொடைக்கானல் மலை முக்கியமானது. டார்ஜிலிங்கின் குர்சியாங் பகுதியில் உள்ள மகாய்பாரி தேயிலைத் தோட்டம் 1993இலேயே டெமட்டர் முத்திரை பெற்றுவிட்டது. தோட்டத்தின் பெரும்பகுதியைக் காடாகவே விட்டு, தொழிலாளர் குடும்பங்கள் வளர்க்கும் மாடுகளின் சாணத்தை எருவுக்கு வாங்கிக்கொண்ட தோட்டம் அது. 2014இல் அதன் தேயிலை கிலோ 1,850 டாலருக்கு விலைபோனது செய்தித்தாள்களில் வந்தது. அந்தத் தேயிலைக்குப் பின்னால் இருந்த காடும் மாடும் அந்தச் செய்தியில் பெரிதாக இடம்பெறவில்லை.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இந்த வேளாண்மை இறங்கி வந்தபோது என்ன ஆயிற்று? பண்ணை மேலேயே தங்கிவிட்டது; பொட்டலம் மட்டும் கீழே வந்தது. எருக்குவியலில் சேர்க்கும் ஆறு தயாரிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அகில்லியா, சீமைச் சாமந்தி, ஐரோப்பியக் காஞ்சொறி, ஓக் மரப்பட்டை, டாண்டெலியன், வலேரியன். சிலேசியாக் குடியானவருக்கு இவை வரப்போரச் செடிகள். விழுப்புரத்து விவசாயிக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அகில்லியாப் பூவை அடைத்துவைக்க ஆண் செம்மானின் சிறுநீர்ப்பை வேண்டும். இங்கே மான் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. எனவே குளிர்ந்த மலைப் பகுதிகளில் தயாராகும் இவற்றைச் சமவெளி விவசாயி விலைக்கு வாங்க வேண்டியதாகிறது. வெளியிலிருந்து எதையும் வாங்காமல் இருப்பதுதான் பண்ணையின் ஆரோக்கியம் என்று தொடங்கிய வேளாண்மை, உரக்கடைக்குப் பதிலாக இன்னொரு கடையைக் காட்டுவதில் முடிவது வருத்தத்துக்குரியது.

புதைக்கும் காலத்திலும் இதே சிக்கல். பனி மூடிய குளிர்காலத்தில் பூமி உயிராற்றலை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அதனால் சாணக் கொம்பை அப்போது புதைக்க வேண்டும் என்பது ஸ்டெய்னரின் விளக்கம். காவிரி டெல்டாவில் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. நிலமெல்லாம் வெள்ளமும் சேறும். ஐரோப்பியப் பருவத்தை அப்படியே பெயர்த்து வைக்க இது பனிதேசம் அல்ல. இடத்துக்குத் தக மாற்றிக்கொள்ளும் துணிச்சல் இருந்த இடங்களில் நல்லது நடந்திருக்கிறது. பூஞ்சண நோய்க்கு ஈக்விசீட்டம் செடியைக் காய்ச்சித் தெளிக்கச் சொன்னார்கள். அது எளிதில் கிடைக்காத இந்தியாவில் சவுக்கு இலையைக் காய்ச்சினார்கள். மரியா தூன் என்ற ஜெர்மானியப் பெண்மணி உருவாக்கிய பீப்பாய் எரு, இங்கே செங்கல் குழியில் 60 கிலோ சாணம், 200 கிராம் முட்டை ஓட்டுத் தூள், கொஞ்சம் பாறைத் தூள் என்று சாண மூலிகை உரமாக மாறி, எளிய விவசாயிகளின் கைக்கு வந்தது.

அதே மரியா தூன்தான் விதைப்பு நாட்காட்டியையும் தந்தவர். சந்திரன் எந்த நட்சத்திரக் கூட்டத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பிரித்தார். நம்மூர்த் தினசரி நாட்காட்டியின் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்வதாலேயே எச்சரிக்கை வேண்டும். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்பவை மழையையும் வெயிலையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் கண்ட காலக் கணக்கு. அவற்றுக்குப் பின்னால் பருவக்காற்று இருக்கிறது. சந்திரன் நிற்கும் ராசிக்கும் முளைப்புக்கும் அப்படியொரு உறுதியான தொடர்பு நிரூபணமாகவில்லை. மானாவாரி நிலத்தில் மழை பெய்த பிறகு விதைக்கக் கிடைப்பது சில நாள் ஈரம்தான். கனி நாள் வரட்டும் என்று காத்திருந்து அந்த ஈரத்தைத் தொலைத்தால் நட்டத்தைச் சந்திரன் ஏற்காது. குடும்பம்தான் ஏற்க வேண்டும். கரிசல் காட்டு விவசாயிக்கு இந்த நாட்காட்டியைக் கொடுப்பவர்கள் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

முழுப் பண்ணை என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எகிப்து சாட்சி. ஆஸ்திரியாவில் படித்து, மருந்துத் துறையில் வேலை பார்த்த இப்ராஹிம் அபுலேஷ், 1977இல் ஊர் திரும்பி, கெய்ரோவுக்கு வடகிழக்கே 60 கிலோமீட்டரில் பாலைவனத்தில் 70 ஹெக்டேர் வாங்கினார். வெறும் மணல். கிணறு வெட்டினார், மரம் நட்டார், ஜெர்மனியின் ஆல்காய் மாடுகளைக் கப்பலில் வரவழைத்தார். மாட்டுச் சாணமும் பயிர்க் கழிவும் சேர்த்து மலைபோல் எரு மக்கவைத்தார். செகெம் என்ற அந்தப் பண்ணை இன்று மூலிகைத் தேநீர், பருத்தி ஆடை, பள்ளி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று விரிந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பருத்திப் பூச்சியைக் கவர்ச்சிப் பொறி வைத்துக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். விளைவாக, பருத்தி வயல்கள் மீது விமானத்தில் பூச்சிமருந்து தெளிப்பதை எகிப்து அரசு நிறுத்தியது. அந்நாட்டுப் பருத்திக்குப் போன பூச்சிமருந்து 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2003இல் அபுலேஷுக்கும் செகெமுக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அவர்களும் கொம்புச் சாணம் தெளிப்பவர்கள்தான். ஆனால் மணலை மண்ணாக்கியது ஆண்டுக்கணக்கில் கொட்டிய எரு. பூச்சியை அடக்கியது கவர்ச்சிப் பொறி.

எகிப்தின் பெரும்பண்ணையைத் தமிழ்நாட்டில் நகலெடுக்க முடியாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. கைசர்லிங்க் பிரபுவின் பண்ணையைப் பார்த்துச் சொன்ன யோசனை இரண்டு ஏக்கருக்கு எப்படிப் பொருந்தும்? ஒரு மாடு நாளுக்கு 10 கிலோ சாணம் போடும் என்று வைத்தாலும் ஆண்டுக்கு மூன்றரை டன். ஈரம் காய்ந்து மக்கும்போது பாதியாகிவிடும். ஏக்கருக்கு 5 டன் எருவென்றால், இரண்டு ஏக்கருக்கு ஐந்தாறு மாடுகள் வேண்டும். அத்தனை மாட்டுக்கு அந்த இரண்டு ஏக்கர் தீவனம் தராது. சிறு விவசாயி தன்னந்தனியே தன்னிறைவுப் பண்ணை நடத்த வேண்டும் என்று போதிப்பது அவரைத் தோற்கச் சொல்வதற்குச் சமம்.

தமிழ்நாட்டில் அந்த ‘முழு உயிர்’ பண்ணை அல்ல, ஊர். முன்பு அப்படித்தான் இருந்தது. அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டார்கள். கிடைக்கு நெல்லோ காசோ கூலி. கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அள்ளி மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். வேலியில் பூவரசும் கிளுவையும் நின்றன; வயலில் கொழிஞ்சியும் சணப்பையும் விதைத்து மடக்கி உழுதார்கள். நிலமில்லாதவரின் ஆடும், நிலமுள்ளவரின் வைக்கோலும், பொதுவான ஏரியும் ஒரே சுழற்சியில் இருந்தன. அந்த ஊரில் சாதியும் அடிமைத்தனமும் இருந்ததை மறந்துவிட்டு அதைப் பொற்காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. சத்துச் சுழற்சி என்ற ஒரு கணக்கு அந்த ஊரில் நேராக இருந்தது, இன்று இல்லை. அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் வரும் இயந்திரம் வைக்கோலைக் கட்டாக உருட்ட, அது லாரியில் வெளியூர் போகிறது. பாலுக்கு மாடு வளர்க்கும் நிலமில்லாத பெண்ணின் வீட்டுச் சாணம் தெருவோரம் குவிந்து மழையில் கரைகிறது. பக்கத்து வயலுக்கு யூரியா மூட்டை வருகிறது.

கோபர்விட்ஸின் யோசனையைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவர விரும்புபவர்கள் கைவைக்க வேண்டிய இடம் இந்த அறுந்த சுழற்சிதான். இதற்கான அரசுத் திட்டங்கள் முழுவதும் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டம் 2015 முதல் விவசாயிகளைத் தொகுப்புகளாகச் சேர்க்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுக்கிறது. ஏரி வண்டலை இலவசமாக அள்ளிக்கொள்ள அனுமதியும் இருக்கிறது. எல்லாம் தனித்தனியே கிடக்கின்றன. தொகுப்பில் சேரும் விவசாயிக்கு இடுபொருள் வாங்க உதவித்தொகை உண்டு. அந்தத் தொகுப்புக்குள் எத்தனை மாடு, எவ்வளவு சாணம், அது எங்கே போகிறது என்று கேட்பார் இல்லை.

வேகம் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. எரு எங்கிருந்து வரும் என்ற கணக்கு இல்லாமல் எடுத்த முடிவு அது. நெல் விளைச்சல் சரிந்தது, அரிசி இறக்குமதியாயிற்று, மலையகத் தேயிலையும் அடிபட்டது. நவம்பரில் அரசு பின்வாங்கியது. அந்த ஆறு மாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும். எருக்குழி நிறைவதற்கு முன்னால் உரக்கடையை மூடக் கூடாது. டெர்வில் சோதனை காட்டிய 20 சதவீத இழப்பையும் மறைக்கக் கூடாது. மாறும் ஆண்டுகளில் அந்த இழப்பை ஈடுகட்ட விலையோ உதவித்தொகையோ இல்லாமல், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நெல் விற்றுக் கட்டும் குடும்பத்தை மாறச் சொல்வது அநீதி.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, வேளாண்மைப் பல்கலைக்கழகம் டெல்டாக் களிமண், கரிசல், செம்மண் ஆகிய மூன்று நிலத்திலும் நீண்டகாலச் சோதனை வைக்க வேண்டும். எல்லாப் பாத்திக்கும் ஒரே எரு. பாதிப் பாத்திகளில் மட்டும் கொம்புத் தயாரிப்புகள். பத்து ஆண்டாவது நடக்க வேண்டும். பயோடைனமிக் சங்கங்களும் அந்த வயலில் கூட நின்று, தங்கள் முறைப்படி தாங்களே கலக்கித் தெளிக்கட்டும். தேறினால் அரசே பரப்பலாம். தேறாவிட்டால் விவசாயி அந்தப் பொட்டலத்துக்குக் கொடுக்கும் பணத்தைத் தீவன விதைக்குக் கொடுக்கட்டும்.

இரண்டாவது அவசரமானது. ஊர்தோறும் சாணத்துக்கு விலை வைக்க வேண்டும். 2020இல் சத்தீஸ்கர் அரசு கிலோ 2 ரூபாய்க்குச் சாணம் வாங்கி, மகளிர் குழுக்களைக் கொண்டு மண்புழு உரம் தயாரிக்கத் தொடங்கியது. குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் ஜகரியாபுரா என்ற ஊரில் தேசிய பால்வள வாரியத்தின் துணையோடு பெண்கள் வீட்டுச் சாண எரிவாயுக் கலத்தின் கழிவைத் தரம் பார்த்து விற்கிறார்கள். தமிழ்நாட்டில் கிராமங்கள்தோறும் பால் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. காலையும் மாலையும் பால் அளந்து கணக்கு எழுதும் அதே சங்கம் சாணத்தையும் எடைபோடலாம். ஊர்ப் பொது இடத்தில் நிழலும் தளமும் போட்ட எருக்குழி, அதை மூன்று மாதம் புரட்டி மக்கவைக்க ஊரக வேலைத் திட்டத்தில் கூலி, மக்கிய எருவை வாங்கும் விவசாயிக்கு உர மானியத்தின் ஒரு பங்கு. முதலில் ஒரு வட்டாரத்தில் பத்து ஊர்கள் போதும். எத்தனை டன் சாணம் வந்தது, எந்த நிலத்துக்கு எவ்வளவு எரு போயிற்று, அந்த நிலத்தில் யூரியா எத்தனை மூட்டை குறைந்தது, நெல் எவ்வளவு கண்டது, மாடு வளர்க்கும் பெண்ணுக்கு மாதம் எவ்வளவு கிடைத்தது என்ற ஐந்து கணக்கையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் மூன்று ஆண்டு எழுதிவைத்தால், அடுத்து எத்தனை ஊருக்கு விரிப்பது என்பதைக் கிராமசபைகளே முடிவு செய்துகொள்ளும்.